போய்ப் பார்த்தேன், பறவை இல்லை: பட்டியல் போட வேண்டுமா?

வாசகர் கேள்வி:
கரண்டிமூக்கு உள்ளான் என்ற அரிய கரைப்பறவை ஒன்று வந்திருக்கிறது என்று தகவல் கிடைத்து, விடியும் முன்பே சேற்றுப் பரப்புக்குப் போய்விட்டேன். வெயில் சாயும்வரை உட்கார்ந்திருந்தேன். கொசு உள்ளான்கள் கூட்டம் கூட்டமாக இருந்தன, வளைமூக்கு உள்ளான்களும் இருந்தன. தேடிப் போனது மட்டும் இல்லை. பட்டியல் போடவே மனம் வரவில்லை. 'இல்லை' என்று எழுதி யாருக்கு என்ன பயன்? அரிய பறவைக்காக அலைவதே வீண் வேலை என்று கூட வந்தவர் சொல்லிவிட்டார்.

3 டிசம்பர், இரவு

எழுதுங்கள். இன்றைக்கே எழுதுங்கள். நாளைக்கு என்று தள்ளிப்போட்டால் எண்ணிக்கையெல்லாம் நினைவிலிருந்து போய்விடும்.

கொசு உள்ளான் எத்தனை, வளைமூக்கு உள்ளான் எத்தனை, எப்போது உட்கார்ந்தீர்கள், எப்போது எழுந்தீர்கள், எவ்வளவு தூரம் நடந்தீர்கள், அவ்வளவும் வேண்டும். பறவை நோக்கர்கள் தங்கள் பட்டியல்களை ஏற்றும் இணையதளமான ஈபேர்டில் (eBird) பட்டியலை முடிக்கும்போது, அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளையும் சேர்த்துவிட்டீர்களா என்று ஒரு கேள்வி வரும். அதற்கு 'ஆம்' என்றால், உங்கள் பட்டியலில் இல்லாத பறவையும் ஒரு தகவலாகிவிடுகிறது. இன்ன இடத்தில், இத்தனை மணி நேரம், கரையில் இருந்ததையெல்லாம் எண்ணிய ஒருவர் கண்ணில் கரண்டிமூக்கு உள்ளான் படவில்லை என்று அது சொல்கிறது. 2002-இல் தொடங்கிய அந்தத் தளத்தில் ஆராய்ச்சியாளர்கள் அதிகம் நம்புவது இப்படிப்பட்ட முழுப் பட்டியல்களைத்தான். பிடித்த பறவையை மட்டும் குறித்துவிட்டுப் போகிறவர்களின் பதிவுகளை வைத்து, ஒரு பறவை குறைந்துவருகிறதா, அதைப் பார்க்கப் போகிறவர்கள் குறைந்துவிட்டார்களா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

அலைவது வீண் என்று சொன்னவருக்கு நாளை எழுதுகிறேன்.

4 டிசம்பர், காலை

விட்டுப்போன ஒன்று. குறிப்புப் பகுதியில் கடல் ஏற்றமா வற்றமா என்று எழுதுங்கள். வற்றிய நேரத்தில் கரைப்பறவைகள் கண்ணுக்கு எட்டாத தூரம்வரை பரவி மேயும். ஏற்றத்தில்தான் நெருங்கி வந்து மேட்டில் ஒண்டும். வற்றத்தில் மட்டும் உட்கார்ந்துவிட்டு வந்திருந்தால், அந்த இடத்தின் கால்வாசியைத்தான் பார்த்திருப்பீர்கள். பின்னால் படிப்பவருக்கு அது தெரிய வேண்டும்.

4 டிசம்பர், இரவு

வீண் வேலை என்பதற்கு வருகிறேன். கரண்டிமூக்கு உள்ளானைத் தேடிப் போனவர் நாள் முழுக்க என்ன செய்திருப்பார்? கொசு உள்ளான்களைப் பார்த்திருப்பார். ஒன்றொன்றாக. வேறு எந்தக் காரணத்துக்காகவும் யாரும் கொசு உள்ளான் கூட்டத்தை அப்படிச் சல்லடை போடுவதில்லை. 'கொசு உள்ளான், சுமார் 200' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவோம்.

சல்லடை போட்டால் தெரிகிற சங்கதிகள் நிறைய. கொசு உள்ளானுக்குக் கால் கறுப்பு, அதைப்போலவே தெரியும் டெம்மிங்க் உள்ளானுக்கு மஞ்சளும் பச்சையும் கலந்த வெளிர் நிறம் என்று எல்லாப் புத்தகமும் சொல்லும். சேற்றில் இறங்கியபின் இரண்டுக்கும் ஒரே சாம்பல் பூச்சுதான். அப்போது கால் நிறத்தை நம்பினால் அவ்வளவுதான். மேயும் விதத்தைப் பார்க்க வேண்டும். கொசு உள்ளான் ஓடி ஓடி மேற்பரப்பில் கொத்தும், நிற்காது. டெம்மிங்க் உள்ளான் பெரும்பாலும் திறந்த சேற்றைவிடப் புல் ஓரத்தை விரும்பும், பதுங்கிப் பதுங்கி நிதானமாக நகரும். கிளப்பிவிட்டால் அதன் வாலோரம் பளிச்சென்று வெண்மையாகத் தெரியும். கொசு உள்ளானின் வாலோரத்தில் வெறும் சாம்பல்.

கரண்டிமூக்கு உள்ளான் விஷயம் இதைவிடச் சிக்கல். பெயரைக் கேட்டால் கரண்டி உடனே தெரிந்துவிடும் என்று தோன்றும். பக்கவாட்டில் நின்றால் அது சாதாரண அலகு போலத்தான் இருக்கும், நேராக முகம் காட்டும்போதுதான் நுனி விரிந்திருப்பது தெரியும். அதனால் தெரிந்தவர்கள் அலகைத் தேடாமல் நடத்தையைத் தேடுகிறார்கள். கொசு உள்ளான் கொத்துகிற இடத்தில் இது தலையைக் கவிழ்த்து, அலகை நீரிலேயே வைத்துக்கொண்டு துழாவிக்கொண்டே போகும்.

எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்கிறேன். கூட்டத்தின் ஓரத்தில் ஓர் உள்ளான் என்னை நோக்கித் திரும்பியது. அலகின் நுனி தட்டையாக, அகலமாக இருந்தது. ஸ்கோப்பிலிருந்து (முக்காலியில் வைக்கும் தொலைநோக்கி) கண்ணை எடுக்காமல் இருந்தேன். ஆனால் அது கொத்திக் கொத்தித்தான் மேய்ந்தது, துழாவவே இல்லை. யாருக்கும் தகவல் சொல்லாமல் காத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் அது தண்ணீருக்கு வந்து, தலையை முக்கி, அலகை இரண்டு பக்கமும் உதறியது. நுனியில் ஒட்டியிருந்த களிமண் உருண்டை விழுந்தது. கூரான கறுப்பு அலகு. கொசு உள்ளான்.

தகவல் சொன்னவர் பார்த்ததும் இப்படி ஒன்றாக இருந்திருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். பறவைக்குச் சிறகு இருக்கிறது, காலையில் இருந்தது மாலையில் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. உங்கள் பட்டியல் அவருடைய பட்டியலைப் பொய்யாக்காது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும்.

6 டிசம்பர்

"ஊர் ஊராகப் போய் எண்ணிக்கை ஏற்றுகிறவர்களுக்கும் பறவைக்கும் என்ன சம்பந்தம்" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கோபமாகவே கேட்டிருக்கிறார்.

எனக்கு அந்தக் கோபம் புரிகிறது, ஆனால் அதில் பாதிக்குத்தான் உடன்பாடு. அமெரிக்கப் பறவை நோக்கர் ஃபீபி ஸ்னெட்சிங்கரை எடுத்துக்கொள்ளுங்கள். 1981-இல் அவருக்குத் தோல் புற்றுநோய் முற்றிவிட்டதாகச் சொன்னார்கள். அவர் அதன் பிறகு உலகம் முழுக்கப் பறவை தேடினார், 8,000 இனங்களுக்கு மேல் பார்த்தார், 1999-இல் மடகாஸ்கரில் பறவை பார்க்கப் போன வழியில் வாகன விபத்தில் இறந்தார். எண்ணிக்கை மட்டும்தான் அவர் என்று நினைத்தால் தவறு. எந்த ஊருக்குப் போகுமுன்பும் அங்கே வாழும் பறவைகளைப் பற்றிப் பரீட்சைக்குப் படிப்பதுபோலப் படித்துவிட்டுப் போனவர். துணையினங்களையும் விடாமல் குறித்துவைத்தவர். அவர் பார்த்த துணையினங்களில் சில பிற்பாடு தனி இனங்களாகப் பிரிக்கப்பட்டபோது, அந்தக் குறிப்புகளுக்குத் தனி மதிப்பு வந்தது.

எனக்கு ஒத்துவராதது வேறு ரகம். வண்டியை விட்டு இறங்கி, ஏற்கெனவே நிற்பவர்களிடம் "எங்கே?" என்று கேட்டு, ஒரு படம் எடுத்து, திரும்பி ஏறிப் போய்விடுகிறவர்கள். பக்கத்தில் மேயும் மற்றவற்றைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அவர்களுடைய பட்டியலில் ஒரே ஒரு பறவை இருக்கும். அந்தப் பட்டியலால் யாருக்கும் உபயோகம் இல்லை, இரண்டாம் முறை அந்தப் பறவையை அவர்களே கண்டுபிடிக்கவும் அது உதவாது.

7 டிசம்பர்

இருநோக்கியா ஸ்கோப்பா என்று கேட்டவருக்கு: சேற்றுப் பரப்புக்கு ஸ்கோப் வேண்டும். காட்டுக்கு இருநோக்கி போதும். இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு இருநோக்கி, 8x42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன் கண்ணாடி 42 மி.மீ.).

9 டிசம்பர், நள்ளிரவு தாண்டி

'இல்லை' என்று எழுதுவதைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டியிருக்கிறது. கொஞ்சம் நீளும்.

மெல்லிய அலகுக் கோட்டான் என்று ஒரு கரைப்பறவை (ஆந்தையைச் சொல்லவில்லை). நம் பெரிய கோட்டானின் சின்ன உறவு. வெளிறிய உடல், விலாவில் இதய வடிவப் புள்ளிகள், நுனி ஊசிபோல் மெலிந்த அலகு. சைபீரியப் பக்கம் முட்டையிட்டு, மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள சதுப்பு நிலங்களில் குளிர்காலத்தைக் கழிக்கும். அதன் கூடுகளைப் பற்றி நம்பகமாகக் கிடைத்தது, கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓம்ஸ்க் வட்டாரத்தில் தாரா என்னும் ஊருக்கருகே ஒருவர் கண்டெடுத்த சில கூடுகளின் விவரம் மட்டுமே. அதற்குப் பிறகு யாராலும் ஒரு கூட்டைக்கூடக் கண்டுபிடிக்க முடியவில்லை. புல்வெளிகள் உழப்பட்டன, சதுப்புகள் வடிக்கப்பட்டன, வேட்டையும் சேர்ந்துகொண்டது.

சர்ச்சையே இல்லாத கடைசிப் பதிவு 1995 பிப்ரவரி, மொராக்கோவில் மெர்ஜா ஸெர்கா என்னும் காயல். அதன் பிறகு மத்தியதரைப் பகுதியில் கோட்டான் கூட்டம் எங்கே கண்ணில் பட்டாலும் அதில் மெலிந்த அலகு ஒன்று இருக்கிறதா என்று பார்ப்பது பறவை நோக்கர்களுக்குப் பழக்கமாகிவிட்டது. கிடைத்ததாகப் பலர் சொன்னார்கள். 1998-இல் இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்து கடற்கரையில் ட்ரூரிட்ஜ் பே என்ற இடத்தில் ஒன்றைப் பார்த்தார்கள், படமும் எடுத்தார்கள், பதிவுக் குழு முதலில் ஏற்றுக்கொண்டது. பல ஆண்டுகள் கழித்து அதே ஆதாரங்களை மறுபடி ஆராய்ந்து, இது போதாது என்று பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். அந்தப் பறவையைத் தன் பட்டியலில் வைத்திருந்தவர்களின் மனநிலையை யோசித்துப் பாருங்கள். ஆனாலும் நீக்கியது சரி என்றுதான் நினைக்கிறேன். ஒரு இனம் உயிரோடு இருக்கிறதா என்ற கேள்விக்கு அரைகுறைச் சாட்சி உதவாது.

2024-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. அருங்காட்சியகங்களில் பாடம் செய்து வைத்த பறவைகள், பார்த்ததாகச் சொன்ன பதிவுகள், ஒவ்வொன்றும் எவ்வளவு நம்பத்தக்கது என்ற மதிப்பீடு, எல்லாவற்றையும் கணக்கில் எடுத்து, இந்தப் பறவை அழிந்திருக்க 96 சதவீத வாய்ப்பு என்றது. 2025 அக்டோபரில், இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு அமைப்பான ஐயுசிஎன் அதை அற்றுப்போன இனமாக அறிவித்தது.

கேள்வி கேட்டவர் இதைத்தான் யோசிக்க வேண்டும். ஒரு பறவை இருக்கிறது என்று சொல்ல ஒரு நல்ல படம் போதும். இல்லாமல் போய்விட்டது என்று சொல்ல எத்தனையோ ஆண்டுகளின் வெறுங்கைப் பயணங்கள் தேவைப்படுகின்றன. வெறுங்கையோடு திரும்பியவர்கள் எழுதிவைத்தால்தான் அவை கணக்கில் வரும். எழுதாமல் விட்டால், போகவே இல்லை என்றுதான் பின்னால் வருகிறவர் எடுத்துக்கொள்வார்.

கரண்டிமூக்கு உள்ளானும் அழிவின் விளிம்பில் இருக்கிற இனம். ரஷ்யாவின் கிழக்குக் கோடியில் சுக்கோட்காவில் முட்டையிடுகிறது. வலசைப் பாதையில் இருந்த சேற்றுப் பரப்புகளைக் கடலைத் தூர்த்து நிலமாக்கியதில் இழந்துகொண்டே வந்திருக்கிறது. நீங்கள் உட்கார்ந்திருந்த சேற்று மேட்டின் வெறும் நாளும் அந்தக் கதைக்குள் சேர்ந்ததுதான்.

10 டிசம்பர்

ஆமாம், அமெரிக்காவின் தந்த அலகு மரங்கொத்தியின் கதையும் இதே ரகம்தான், நினைவுபடுத்தியவருக்கு நன்றி. எல்லாரும் ஒத்துக்கொள்ளும் கடைசிப் பதிவு 1944, லூசியானா. 2004-இல் ஆர்கன்சாஸ் சதுப்புக் காட்டில் பார்த்ததாகவும் சில நொடி வீடியோ இருப்பதாகவும் சொல்லி, 2005-இல் சயன்ஸ் இதழில் கட்டுரையே வந்தது. அது அங்கே சாதாரணமாக உள்ள பிலியேட்டட் மரங்கொத்திதான் என்று மறுத்தவர்கள் இன்றும் மறுக்கிறார்கள். 2021-இல் அமெரிக்க அரசு அழிந்ததாக அறிவிக்க முன்மொழிந்தது. 2023-இல் வேறு 21 இனங்களுக்கு அந்த முடிவை எடுத்தபோது இதை மட்டும் தள்ளிவைத்துவிட்டது. சில நொடி மங்கல் படத்தை வைத்துக்கொண்டு இத்தனை ஆண்டு விவாதம்.

13 டிசம்பர்

"படம் இருந்தால்தான் நம்புவீர்களா, ஆளின் பேச்சுக்கு மதிப்பில்லையா" என்ற கேள்விக்கு.

ஆளின் பேச்சை நம்பி நடந்த ஒரு கூத்தைச் சொல்கிறேன். வனச் சிற்றாந்தை, மத்திய இந்தியக் காடுகளுக்கே உரிய சின்ன ஆந்தை. 1873-இல் அறிவியலுக்கு அறிமுகமானது. 1884-க்குப் பிறகு உறுதியான தடயம் இல்லை. ஆனால் ரிச்சர்ட் மைனர்ட்ஸ்ஹாகன் என்னும் பெரிய பெயர் கொண்ட ராணுவ அதிகாரி, 1914-இல் குஜராத்தில் ஒன்றைச் சுட்டதாகச் சீட்டுக் கட்டிய பாடம் ஒன்றை விட்டுப்போயிருந்தார். தேடப் போனவர்கள் அந்தச் சீட்டை நம்பி அங்கேயும் தேடினார்கள். கிடைக்கவில்லை.

பறவையியலாளர் பமீலா ராஸ்முசென் அருங்காட்சியகத்தில் அந்தப் பாடத்தையே பரிசோதித்தார். பழைய தையலும் புதிய தையலும், பஞ்சும் ஆராயப்பட்டன. அது 1880-களில் வேறொருவர் சேகரித்த பறவை என்றும், திருடப்பட்டு, பிரிக்கப்பட்டு, மறுபடி அடைக்கப்பட்டு, பொய்ச் சீட்டுக் கட்டப்பட்டது என்றும் தெரிந்தது. மைனர்ட்ஸ்ஹாகன் சேகரிப்பில் இப்படி எத்தனையோ. அந்தச் சீட்டை ஒதுக்கிவிட்டு, உண்மையான பழைய பாடங்கள் கிடைத்த இடங்களுக்கு ராஸ்முசெனும் உடன் சென்றவர்களும் போனார்கள். 1997 நவம்பரில் மகாராஷ்டிரத்தில் ஷஹாதா அருகே வனச் சிற்றாந்தை கண்ணெதிரே உட்கார்ந்திருந்தது, அதுவும் பகல் வெளிச்சத்தில். அது பகலில் நடமாடும் ஆந்தை.

ஆகவே ஈபேர்டு பரிசீலனையாளர் 'விவரம் தேவை' என்று கேட்டால் முகம் சுளிக்க வேண்டாம். அவர் உங்கள் நேர்மையைச் சந்தேகிக்கவில்லை. நாளைக்கு யாரோ ஒருவர் உங்கள் சீட்டை நம்பித் தேடப் போவார், அவருக்காகக் கேட்கிறார். படம் இல்லாவிட்டால் பரவாயில்லை. அளவு, அலகு, இறகின் விளிம்பு, குரல், வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வந்தது, எந்த ஒத்த பறவைகளை எதனால் ஒதுக்கினீர்கள், இதை அந்த இடத்திலேயே, புத்தகத்தைப் புரட்டுவதற்கு முன்பே எழுதிவிட்டால், அது பல மங்கல் படங்களைவிட மேல். புத்தகத்தைப் பார்த்தபின் எழுதுவது கண்டதைச் சொல்லாது, புத்தகத்தைத்தான் திருப்பிச் சொல்லும்.

15 டிசம்பர்

3-ஆம் தேதி எழுதியதைக் கொஞ்சம் வரம்பு கட்டிச் சொல்ல வேண்டும். 'இன்றைக்கே எழுதுங்கள்' என்பது சேற்று மேட்டுக்கு. அடைந்திருக்கும் ஆந்தைக்கும், கூட்டில் இருக்கும் எந்தப் பறவைக்கும் அது பொருந்தாது. பட்டியலை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், இடத்தை மறையுங்கள், குஞ்சு பறந்து போன பிறகு ஏற்றுங்கள்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. ஒரே மரத்தில், ஒரே கிளையில் தினமும் பகலில் அடையும் ஆந்தை ஒன்றைத் தொடர்ந்து பார்த்துவந்தேன். இலைகளுக்கிடையில் உடலை ஒடுக்கி, கண்ணைக் கீறலாக மூடிக்கொண்டு இருக்கும். யாரோ இடத்தைப் பரப்பிவிட்டார்கள். அடுத்த வாரம் மரத்தடியில் ஆட்கள். ஒருவர் கிளையை உலுக்கினார். இன்னொருவர் கைதட்டினார், கண்ணைத் திறந்தால் படம் நன்றாக வருமாம். ஒரு சிறு கல்லும் பறந்தது. சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. வெட்ட வெளிச்சத்தில் ஆந்தை வெளியே வந்ததும் காகங்கள் சூழ்ந்துகொண்டன. துரத்திக்கொண்டே போயின. அந்தக் கிளையில் பிறகு அது அடையவில்லை. அந்தப் படம் நிறைய பாராட்டு வாங்கியது.

சில இனங்களின் இடத்தை ஈபேர்டே பொதுப் பார்வையிலிருந்து மறைத்துவைக்கிறது. அந்தப் பட்டியலில் இல்லாத பறவைக்கு நாம்தான் பொறுப்பு. ஆர்வமுள்ள பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டாமா என்று கேட்பீர்கள். காட்டுங்கள். கூட்டிப்போய், தூரத்திலிருந்து, ஸ்கோப்பில் காட்டுங்கள். இடக்குறியை அனுப்பாதீர்கள்.

16 டிசம்பர்

பிளேபேக் (பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பது): வேண்டாம். கூடு வைக்கிற காலத்தில் கண்டிப்பாக வேண்டாம். பறவைக்கு அது இன்னொரு ஆண் தன் எல்லைக்குள் புகுந்துவிட்ட செய்தி. மேய்ச்சலையும் அடைகாப்பதையும் விட்டுவிட்டு உங்கள் கைபேசியோடு சண்டைக்கு வரும்.

17 டிசம்பர்

"அப்படியானால் ஜெர்டான் கல்குருவியைக் குரல் போட்டுத்தானே தேடினார்கள்" என்று மடக்கியிருக்கிறார் ஒருவர். நல்ல மடக்கு. விஷயம் தெரிந்தவர்.

ஆமாம், அப்படித்தான் தேடினார்கள். ஆனால் எப்படி என்று பாருங்கள். 1848-இல் விவரிக்கப்பட்ட பறவை, 1900-க்குப் பிறகு தடயமே இல்லை. அழிந்துவிட்டதாகவே நினைத்தார்கள். 1986 ஜனவரியில் ஆந்திரத்தில் கடப்பை மாவட்டத்துப் புதர்க்காட்டில், இரவில், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் தேடலில் அது மறுபடி கிடைத்தது. கிடைக்க வழி செய்தது அந்த வட்டாரத்து வேடர் ஒருவரின் அறிவு. அது இரவுப் பறவை என்பது அங்கிருந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. சாலிம் அலி அப்போது உயிரோடிருந்தார், அடுத்த ஆண்டுதான் மறைந்தார்.

அதன் பிறகும் அதைக் கண்ணால் காண்பது அபூர்வம். ஆய்வாளர்கள் புதர்களுக்கிடையில் மெல்லிய மண்ணைப் பட்டையாகப் பரப்பி, காலையில் வந்து காலடித் தடம் தேடினார்கள். தானியங்கிக் கேமரா வைத்தார்கள். குரல் பதிவானபின், எந்தெந்தப் புதர்க்காட்டில் பதில் வருகிறது என்று கேட்டு அறிந்தார்கள். இடம், நேரம், எத்தனை முறை என்று திட்டமிட்டு, காப்பதற்காகச் செய்த கணக்கெடுப்பு அது. படத்துக்காகக் கைபேசியைக் கிளையில் மாட்டிவிடுவதை அதோடு சேர்க்காதீர்கள். 2025 ஆகஸ்டில் நீண்ட இடைவெளிக்குப் பிறகு அந்தக் குரல் ஆந்திரத்தில் மறுபடி கேட்டுப் பதிவாகியிருக்கிறது. தேடிப் போனவர்கள் இரவில் காது கொடுத்து நின்றதால் கிடைத்தது.

அந்த மண் பட்டைகளைப் பற்றி அடிக்கடி நினைப்பேன். பெரும்பாலான காலைகளில் அதில் முயல் தடமும் கௌதாரித் தடமும்தான் இருந்திருக்கும். அதையும் குறித்துவைத்துக்கொண்டுதான் அடுத்த பட்டைக்குப் போயிருப்பார்கள்.

20 டிசம்பர்

வழிதவறி வரும் பறவைகள் பற்றி. "அது சாகப்போகிற பறவை, அதைப் போய் வேடிக்கை பார்ப்பது கொடூரம்" என்கிறார் ஒருவர்.

சில சமயம் உண்மைதான். தென்னமெரிக்காவிலும் மெக்சிகோவிலும் வாழும் பெரிய கரும்பருந்து ஒன்று 2018-இல் முதலில் டெக்சாஸில் தெரிந்தது, பிறகு அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் மெய்ன் மாநிலத்தில். சிறகின் அடிப்புற வரிகளைப் படத்தோடு படம் ஒப்பிட்டு, இரண்டும் ஒரே பறவை என்றார்கள். போர்ட்லாந்து நகரப் பூங்காவில் அணில் பிடித்துத் தின்றுகொண்டு குளிர்காலத்தில் தங்கிவிட்டது. 2019 ஜனவரியில் உறைபனியில் கால்கள் கருகி, மீட்டெடுத்தும் பிழைக்கவைக்க முடியவில்லை.

எல்லாம் அப்படி முடிவதில்லை. ரஷ்யாவின் தூரக்கிழக்குக் கரையில் வாழும் ஸ்டெல்லர் கடற்கழுகு ஒன்று 2020-இல் அலாஸ்காவின் உட்பகுதியில் தெரிந்து, பிறகு கனடாவின் கிழக்குக் கரை, 2021 டிசம்பரில் மாசசூசெட்ஸ், மெய்ன் என்று சுற்றியது. அதன் சிறகின் வெண்திட்டுகளை வைத்து ஒரே பறவை என்று தொடர்ந்தார்கள். அது மீன் பிடித்துக்கொண்டு நன்றாகவே வாழ்ந்தது.

இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்தது. ரிச்சர்ட் நெட்டைக்காலி என்னும் சிறு பறவை சைபீரியாவில் முட்டையிட்டுக் குளிர்காலத்துக்குத் தெற்காசியா, தென்கிழக்காசியா பக்கம் வரும். மேற்கு ஐரோப்பாவில் தென்படுகிறவற்றை வழிதவறியவை என்றே நினைத்தார்கள். தெற்கு பிரான்சில் பிடித்துக் கருவி பொருத்திப் பார்த்த ஆய்வு 2021-இல் வெளிவந்தது. அதே பறவைகள் சைபீரியாவுக்குப் போய், மறு ஆண்டு பிரான்சுக்கே திரும்பி வந்திருந்தன. புதிதாக ஒரு வலசைப் பாதையே உருவாகிக்கொண்டிருக்கிறது. தொடக்கத்தில் ஒற்றைப் பறவையைப் பார்த்துக் குறித்துவைத்தவர்கள் இல்லாவிட்டால் இது எப்போது தொடங்கியது என்று யாருக்கும் தெரிந்திருக்காது.

ஏன் தவறுகின்றன? புயல் ஒரு காரணம். முதல் முறை பறக்கும் இளம் பறவைகள் திசையைத் தலைகீழாக எடுத்துக்கொள்வது இன்னொன்று. பூமியின் காந்தப்புலம் குலையும் காலங்களில் வழிதவறல் அதிகமாக இருப்பதாக வட அமெரிக்கத் தரவுகளை வைத்து 2023-இல் ஓர் ஆய்வு வந்தது.

இளம் பறவை எல்லாமே தடுமாறும் என்றும் நினைக்க வேண்டாம். 2022-இல் பிறந்து ஐந்து மாதமே ஆன பட்டைவால் மூக்கன் என்னும் கரைப்பறவை ஒன்று அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவுக்கு எங்கும் இறங்காமல் 13,560 கிலோமீட்டர் பறந்தது. பதினொரு நாள். முதுகில் பொருத்திய கருவி சொன்ன கணக்கு.

வேடிக்கை பார்ப்பது கொடூரமா என்றால், களைத்து வந்த பறவையைச் சுற்றி நின்று மேயவிடாமல் செய்வது கொடூரம். தூரத்தில் நின்று பார்ப்பதில் அதற்கு ஒரு நஷ்டமும் இல்லை.

27 டிசம்பர்

கேள்வி கேட்டவர் பட்டியலை ஏற்றிவிட்டார், பார்த்தேன். ஏற்ற நேரம், வற்ற நேரம், பார்க்காமல் விட்ட தெற்கு ஓரம் எல்லாம் எழுதியிருக்கிறார். கொசு உள்ளானைப் பத்துப் பத்தாக எண்ணிக் கூட்டியிருக்கிறார். இப்படித்தான் வேண்டும்.

அதில் போகிற போக்கில் ஒரு வரி: 'வளைமூக்கு உள்ளான் ஒன்றின் காலில் மஞ்சளாக ஏதோ.' இதை அப்படியே விட்டுவிடலாமா!

அது பெரும்பாலும் ஆய்வுக் கொடி. கிழக்காசிய, ஆஸ்திரேலிய வலசைப் பாதையில் கரைப்பறவையைப் பிடித்து வளையமிடும் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு நிறம் ஒதுக்கியிருக்கிறார்கள். மஞ்சள் வடமேற்கு ஆஸ்திரேலியாவுக்கு, ஆரஞ்சு விக்டோரியா மாநிலத்துக்கு. சில இடங்களில் இரண்டு நிறம் சேர்த்துப் போடுவார்கள். வெயிலில் ஆரஞ்சு வெளிறியும் மஞ்சளாகத் தெரியும், அதனால் நிறத்தை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம். நான்கு விவரம் வேண்டும். இடது காலா வலது காலா, பறவையின் கணக்கில். முட்டிக்கு மேலா கீழா. கொடி ஒன்றா இரண்டா, இரண்டென்றால் எந்த நிறம் மேலே. அதில் எழுத்தோ எண்ணோ பொறித்திருந்ததா.

வளைமூக்கு உள்ளான் ஆர்க்டிக் சைபீரியாவில் முட்டையிடுகிறது. அங்கிருந்து வருகிற வழியில் உங்கள் சேற்று மேட்டில் இறங்கியிருக்கிறது. எழுத்து மட்டும் படிக்கக் கிடைத்தால் அது எந்த ஆண்டு, எந்தக் கரையில், எத்தனை வயதில் பிடிபட்ட பறவை என்பதுவரை தெரிந்துவிடும்.

அன்று எடுத்த படங்களைத் திறந்து, அந்தக் கூட்டம் உள்ள ஒவ்வொன்றையும் பெரிதாக்கிக் கால்களைப் பாருங்கள். மங்கலாக இருந்தாலும் அழிக்காதீர்கள், எனக்கும் அனுப்புங்கள். அடுத்த பெரிய ஏற்றம் வருகிற காலையில் மறுபடி போங்கள். கரண்டிமூக்கையும் தேடுங்கள், கால்களையும் பாருங்கள். இரண்டும் இல்லாவிட்டாலும் பட்டியலைப் போட்டுவிடுங்கள்.